சனிக்கிழமை இரவுப் பார்சல்

(நமது அறக்கட்டளையின் நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்றைய தலைப்பை நோட்டீஸில் பார்த்துவிட்டு இரண்டு பேர் நம்மிடம் வந்து, "செக்ரட்டரி பாய், ஃப்ரைட் ரைஸைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் சிரிப்பு எங்களை நோக்கித்தான் வரவேண்டும். சென்ற மருத்துவ முகாமில் நாள் முழுக்க ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக் கொடுத்த தொண்டர்களுக்கு மதியம் நாங்கள் என்ன வாங்கிக் கொடுத்தோம் தெரியுமா? ஆளுக்கு ஒரு சிக்கன் ஃப்ரைட் ரைஸ், ஒரு சில்லி சிக்கன், ஒரு பாட்டில் கலர். முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். அந்தப் பார்வைதான் இந்தக் கூட்டத்துக்குக் காரணம்.

மாதம் ஒருமுறை மருத்துவ உதவி மனுக்களைப் பிரித்து வைத்துக்கொண்டு நாங்கள் உட்காருவது உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அந்த மனுக்கள் பிரசவம், கண் அறுவை, விபத்து என்று வரும். இப்போது டயாலிசிஸ், இருதயத்தில் ஸ்டென்ட், காலில் ஆறாத புண் என்று வருகின்றன. மனு எழுதியவரின் வயதைப் பார்த்தால் மனம் கனக்கிறது. நம் ஊர் மட்டும் அப்படி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு இருப்பதாகவும் சொல்கிறது.

இதெல்லாம் ஃப்ரைட் ரைஸால் வந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நம் வீட்டு பிரியாணியும் நெய்ச்சோறும் பரோட்டாவும் மறுமையில் சாட்சி சொல்லாமல் விடப்போவதில்லை! ஆனால் பிரியாணி ஒரு விசேஷத்துக்கு வரும், போகும். சைனீஸ் சாப்பாடு அப்படி இல்லை. அது சனிக்கிழமை இரவில் வருகிறது, பிள்ளை பரீட்சையில் பாஸானால் வருகிறது, உம்மாவுக்கு உடம்பு முடியாமல் அடுப்பு எரியாவிட்டால் வருகிறது, சும்மாவும் வருகிறது. அடிக்கடி வருகிற விருந்தாளியைப் பற்றித்தான் கொஞ்சம் விசாரித்து வைக்க வேண்டும்.

அந்த விருந்தாளியின் பூர்வீகத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். நாம் சைனீஸ் என்று சாப்பிடுவது சீனாவில் கிடைக்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு சீனர் வந்து சர்க்கரை ஆலை போட்டார். அவருக்குப் பின்னால் வந்து குடியேறியவர்களில் ஹக்கா என்னும் பிரிவினர் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நம் சமுதாயத்தவர் செய்யும் அதே தொழில். அவர்கள் தங்கள் வீட்டுச் சமையலில் நம் நாட்டுப் பச்சை மிளகாயையும் இஞ்சி பூண்டையும் சேர்த்தபோது பிறந்ததுதான் இந்த உணவு. நாம் கேட்கும் ஹக்கா நூடுல்ஸில் இருப்பது அவர்கள் பெயர்தான். சிக்கன் மஞ்சூரியனோ 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்காரர் கண்டுபிடித்தது என்று சொல்லப்படுகிறது. மஞ்சூரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சீனாவில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. ஹுய் முஸ்லிம்கள் அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். லான்ஜோ நகரத்தின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ் அவர்கள் கைவண்ணம். மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்கி, தெளிந்த எலும்புச் சாற்றில் போட்டு, மேலே முள்ளங்கித் துண்டும் மல்லித் தழையும் தூவித் தருவார்கள். பொதுவாகவே சீனர் வீட்டுச் சாப்பாடு என்பது வெள்ளைச் சோறு, ஆவியில் வெந்த மீன், லேசாக வதக்கிய கீரை, ஒரு சூப், சர்க்கரை போடாத தேநீர். ஆக, குற்றவாளி சீனாவும் இல்லை, சீனச் சமையலும் இல்லை. பொரித்ததை மறுபடி சாஸில் புரட்டி, அதைச் சோற்றோடு சேர்த்து, கலர் பாட்டிலோடு இறக்கும் நம் பழக்கம்தான்.

இப்போது அடுப்படிக்கு வருவோம்.

முதலில் உப்பு. ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. காலைச் சட்னி முதல் இரவு ஆணம் வரை எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. தள்ளுவண்டியில் மாஸ்டர் பாட்டிலைக் கவிழ்த்துச் சுழற்றும்போது கரண்டிக் கணக்கா பார்க்கிறார்? அதோடு தனியாகத் தூள் உப்பு, அஜினமோட்டோ, சில்லி சாஸ், சிக்கன் பொரிக்கும் மாவில் உப்பு, சூப்பில் உப்பு. ஒரே வேளையில் ஒரு நாள் உப்பு மொத்தமும் உள்ளே போய்விடும்.

எங்களிடம் உதவிக்கு வந்த ஒரு சகோதரரின் கதையை, அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்துத் திரும்பியவர். கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதால் அவர் மனைவி வீட்டில் உப்பில்லாத ஆணம் வைத்தார். பிள்ளைகளும் முகம் சுளித்துக்கொண்டு அதையே சாப்பிட்டார்கள். இருந்தும் கொதிப்பு இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒருநாள் காலில் வீக்கத்தோடு போனபோது டாக்டர் உட்காரவைத்து, "காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிடுகிறீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றார். அப்போதுதான் வெளியே வந்தது: வீட்டுச் சாப்பாட்டில் ருசி இல்லை என்று வாரத்தில் நான்கு இரவு, இஷா தொழுதுவிட்டு வருகிற வழியில் ஒரு ஹாஃப் நூடுல்ஸ், ஒரு சிக்கன் சூப். "சூப்தானே, உடம்புக்கு நல்லதுதானே" என்று நினைத்திருக்கிறார். மனைவிக்குத் தெரியாது. உப்பில்லாமல் சமைத்த அந்தச் சகோதரி எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுததை நாங்கள் மறக்கவில்லை. இப்போது அவருடைய சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை டாக்டர்கள் மாதாமாதம் பார்த்து வருகிறார்கள். துஆ செய்யுங்கள்.

இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். கடையில் 'லோ சோடியம்' என்று ஒரு உப்பு விற்கிறது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கொதிப்புக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அஜினமோட்டோவைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். கேன்சர் வரும், மூளை கெடும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நியாயத்தைச் சொல்வோம். 1908இல் ஜப்பானில் இகேடா என்னும் விஞ்ஞானி, கடற்பாசிச் சாற்றுக்கு ருசி தருவது குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். அது உப்பு வடிவில் விற்பனைக்கு வந்தபோது வைத்த பெயர்தான் அஜினமோட்டோ. அதே குளூட்டமேட் தக்காளியிலும் இயற்கையாகவே இருக்கிறது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு டாக்டர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் தனக்குப் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று கடிதம் எழுதினார். அங்கிருந்து கிளம்பியது இந்தப் பயம். பிறகு, எதில் கலந்திருக்கிறது என்று சொல்லாமலே கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்தப் புகார் உறுதியாக நிலைக்கவில்லை. சிலருக்கு அதிக அளவில் சாப்பிட்டால் தலைவலி வரலாம். அப்படி வருகிறவர்கள் தவிர்த்துக்கொள்ளட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். மற்றபடி, அதிலுள்ள சோடியம் சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். "எங்கள் கடையில் அஜினமோட்டோ கிடையாது" என்று போர்டு போட்டுவிட்டு சோயா சாஸையும் உப்பையும் கொட்டுகிற கடையில் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குவதில் பயனில்லை.

ஹலால் விஷயத்தில் அஜினமோட்டோவுக்கு ஒரு வரலாறு உண்டு. 2001 தொடக்கத்தில் இந்தோனேசியாவில், அதைத் தயாரிக்கும் நுண்ணுயிரை வளர்க்கப் பயன்பட்ட பொருளில் பன்றியிலிருந்து எடுத்த நொதி சம்பந்தப்பட்டிருப்பது தெரிந்து பெரிய பிரச்சினையானது. அந்நாட்டு உலமா சபை அதைக் கூடாது என்றது. கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள், மூலப்பொருளை மாற்றினார்கள், பிறகு ஹலால் சான்று மீண்டும் கிடைத்தது. கேட்கிறவர்கள் இருந்தால்தான் மாற்றுவார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நம் ஊர்க் கடைகளில் கோழி நம் பிள்ளைகள் அறுத்தது. அதில் சந்தேகம் இல்லை. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் போகும்போதுதான் கவனம் தேவை. பெரிய சைனீஸ் உணவகங்களில் சமையலுக்கு அரிசி மது ஊற்றுவதுண்டு. பன்றி இறைச்சி பரிமாறும் இடத்தில் அதே வாணலியில் உங்கள் காய்கறி நூடுல்ஸும் வதங்கியிருக்கலாம். 'வெஜ்' என்று கேட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சிப்பி சாஸ் ஊற்றினார்களா என்றும் கேளுங்கள். நம் ஊரில் ஷாஃபி மத்ஹபினரும் இருக்கிறோம், ஹனஃபி மத்ஹபினரும் இருக்கிறோம். சிப்பி விஷயத்தில் இரண்டுக்கும் சட்டம் ஒன்றல்ல. அதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், செயலாளரிடம் அல்ல.

ஹலால் என்று உறுதியாகிவிட்டால் நம் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதுதான் எங்கள் கவலை. ஹலாலானதையும் தூய்மையானதையும் உண்ணுங்கள் என்று இரண்டையும் சேர்த்தே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

அந்த இரண்டாவது பாதியில் முதலாவது, நிறம். சில்லி சிக்கனும் கோபி மஞ்சூரியனும் ஏன் கல்யாணப் பந்தல் மாதிரி சிவப்பாக இருக்கின்றன? மிளகாய்த்தூளுக்கு அந்த நிறம் வராது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. அங்கே சோதித்த 171 கோபி மாதிரிகளில் 107இல் பாதுகாப்பற்ற செயற்கை நிறங்கள் இருந்தன என்று அமைச்சர் அறிவித்தார். அதற்கு முந்தைய மாதம் நம் தமிழக அரசு பஞ்சு மிட்டாயில் தடை செய்த ரோடமின்-பி, துணிக்குப் போடும் சாயம். ஆகவே பார்சல் சொல்லும்போதே "கலர் போடாமல் போடுங்கள் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் சொல்லிப் பார்த்தோம். முதல் தடவை, "பாய், அப்புறம் வெளுப்பா இருக்கும், நல்லா இருக்காது" என்றார். சாப்பிட்டோம். ருசியில் ஒரு குறையும் இல்லை. காஷ்மீர் மிளகாய்த்தூள் போட்டால் வருகிற நிறமே போதும்.

இரண்டாவது, எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. இரண்டு இட்லி சாப்பிட்ட கணக்கு. ஒரு பிளேட் ஃப்ரைட் ரைஸுக்கு எத்தனை கரண்டி விழுகிறது என்பதை அடுப்புக்கு எதிரே நின்று எண்ணிப் பாருங்கள். தள்ளுவண்டியில் இந்த ஒரு வசதி உண்டு, நம் கண்முன்னே சமைக்கிறார்கள். பொரிக்கும் சட்டியையும் பாருங்கள். எண்ணெய் கறுத்து, நுரைத்து, கெட்டியாகி, காயத் தொடங்கும்போதே புகைந்தால் அது பல நாள் எண்ணெய். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் உண்டாகும் கெடுதலான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டமே இருக்கிறது. நமக்கு மீட்டர் வேண்டியதில்லை, மூக்கும் கண்ணும் போதும்.

சரி, அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சாப்பிடுங்கள். ஆனால் சொல்லும் விதத்தை மாற்றுங்கள்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து ஃப்ரைட் ரைஸ், ஐந்து சில்லி சிக்கன் என்று ஆளுக்கொரு டப்பா வாங்குவதில்தான் பாதிக் கோளாறு. டப்பாவைத் திறந்தவர் முடிக்காமல் வைக்க மாட்டார். காசு கொடுத்தாயிற்றே! நம் முன்னோர் ஒரு சஹனில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கையை எடுக்கும்போது நமக்கும் கை நிற்கும். அதே முறையில் இரண்டு ஃப்ரைட் ரைஸ், ஒரு காய்கறி வதக்கல், ஒரு சிக்கன் என்று வாங்கி நடுவில் கொட்டுங்கள். வீட்டில் வெள்ளரிக்காயும் கேரட்டும் வெங்காயமும் அரிந்து ஒரு தட்டு நிறைய வையுங்கள். அதை முதலில் சாப்பிடட்டும். சர்க்கரை உள்ளவர்கள் இதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம்: காய், பிறகு கறி, கடைசியில் கொஞ்சம் சோறு. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்ற நபிவழியை நாம் எல்லாரும் மேடையில் கேட்டிருக்கிறோம். பார்சல் டப்பா அந்த அளவு பார்த்துச் செய்யப்பட்டதில்லை.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகமானால் வெள்ளைச் சோறு கேளுங்கள், 'ஸ்டீம்டு ரைஸ்' என்று பட்டியலில் இருக்கும். எண்ணெயும் உப்பும் ஒரு பக்கம் குறைந்துவிடும். மாவு தோய்த்துப் பொரித்த கோழிக்குப் பதிலாக இஞ்சி சிக்கனோ பூண்டு சிக்கனோ கேட்டு, "பொரிக்காமல் வதக்கித் தர முடியுமா" என்று விசாரியுங்கள். பல மாஸ்டர்கள் செய்து தருவார்கள். மோமோ சாப்பிட ஆசையா, அவித்ததைக் கேளுங்கள். சூப்பில் பொரித்த நூடுல்ஸ் மிதக்கும் மஞ்சோ சூப்பை விட்டுவிட்டுத் தெளிந்த காய்கறி சூப், அதுவும் உப்புக் குறைத்து. மேசைமேல் இருக்கும் சாஸ் பாட்டில்களைச் சாப்பிட உட்காரும் முன்பே பக்கத்து மேசைக்கு நகர்த்திவிடுங்கள். அதில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே இருக்கிறது. கலர் பாட்டிலுக்குப் பதில் தண்ணீர். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

ஒருவர் கேட்டார்: "நூடுல்ஸ் நல்லதா, ஃப்ரைட் ரைஸ் நல்லதா?" இரண்டும் ஒரே வாணலியில், ஒரே எண்ணெயில் வந்தவை. அண்ணன் தம்பி சண்டையில் நாங்கள் தலையிடுவதில்லை.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் தயவுசெய்து காது கொடுத்துக் கேளுங்கள். சென்ற ரமளானில் நம் மஹல்லாவிலேயே நடந்தது. தராவீஹ் முடிந்து வாங்கிவந்த ஃப்ரைட் ரைஸில் மீந்ததை மூடி, அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். சஹரில் சூடு பண்ணி வாப்பாவும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். விடிந்து மூன்று மணி நேரம் ஆகவில்லை, மூவருக்கும் வாந்தி. நோன்பை விட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சின்னப் பிள்ளை மறுநாள்தான் தெளிந்தான். கடைக்காரர் மேல் சண்டைக்குப் போனார்கள். அவர் மேல் குற்றம் இல்லை, அன்றிரவு அவரிடம் சாப்பிட்ட வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். அரிசியில் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வெந்தாலும் அவை சாகாது. வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சு சூடாக்கினாலும் போகாது. "நல்லாக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணினேனே" என்று அந்தத் தாய் சொன்னார். பயனில்லை. உலகம் முழுக்கவே இந்த நோய்க்கு ஃப்ரைட் ரைஸ் பெயர் போனது. காரணம், முதல் நாள் சோற்றில்தான் ஃப்ரைட் ரைஸ் உதிரியாக வரும்.

ஆகையால் மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஒரே ஒரு தடவை சூடாக்குங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள். விரயம் செய்யாதே என்பது நம் மார்க்கம்தான், மறுக்கவில்லை. விரயம் ஆகாமல் இருக்க அளவாக வாங்குவதுதான் வழி. கெட்டதைப் பிள்ளை வயிற்றில் போட்டு மிச்சம் பிடிப்பதில்லை. நம் பழைய சோறு தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது, அது வேறு சங்கதி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் முறையை நம் மகளிர் குழுச் சகோதரி ஒருவர் சொன்னார், அப்படியே தருகிறோம். சோற்றைக் கொஞ்சம் விறைப்பாக வடித்து, தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே பிரிட்ஜில் வையுங்கள். நாலு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். சட்டி நன்றாகக் காய்ந்ததும் பூண்டு, பிறகு சோற்றளவுக்குச் சரிபாதி காய்: கோஸ், பீன்ஸ், கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள். நறுக்கென்று இருக்கும்போதே இரண்டு மூன்று முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, சோற்றைப் போட்டுப் புரட்டுங்கள். சோயா சாஸ் இரண்டே தேக்கரண்டி, மிளகுத்தூள், கடைசியில் அரை எலுமிச்சம்பழச் சாறு. தனியாக உப்பு போடக் கூடாது. அந்த எலுமிச்சைதான் உப்புக் குறைந்ததை மறைக்கிறது என்றார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதல் தடவை, "கடை மாதிரி இல்லையே" என்றார்கள். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை. அதை நாங்கள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு. நீங்கள் எப்போது எழுந்து போகலாம் என்று பார்ப்பது தெரிகிறது. நம் அறக்கட்டளை வட்டியில்லாக் கடன் கொடுத்து வண்டி போட்டவர்கள் உங்களில் சிலர். அடுப்பும் வாணலியும் வாங்கிக் கொடுத்துவிட்டு இன்று உங்கள் பிழைப்புக்கு எதிராகப் பேசுகிறார்களே என்று வருத்தம் இருக்கலாம். இந்தக் கேள்வி எங்கள் நிர்வாகக் குழுவிலும் எழுந்தது. ஒரு கையால் கடன் கொடுத்து வண்டி வைக்கச் சொல்கிறோம், மறு கையால் டயாலிசிஸுக்குப் பணம் கொடுக்கிறோம், இரண்டும் ஒரே பைத்துல்மால்தானே என்று ஒரு பெரியவர் கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு நேரம் பிடித்தது.

வண்டிக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தப்போவதில்லை. இரவு பன்னிரண்டு மணி வரை அனலில் நின்று ஹலாலாகச் சம்பாதிக்கும் பிள்ளைகள் நீங்கள். ஆனால் இனிமேல் கொடுக்கும் கடனுக்கு மூன்று நிபந்தனைகள் எழுத்தில் இருக்கும்: கலர்ப் பொடி வண்டியில் இருக்கக் கூடாது, பொரித்த எண்ணெயை மறுநாளுக்கு வைக்கக் கூடாது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்கு மனு எழுதுவது, ஆன்லைனில் ஏற்றுவது எல்லாம் நம் அலுவலகத்திலேயே செய்து தருவோம். தினம் எண்ணெய் மாற்றினால் கட்டுபடியாகாது என்பீர்கள். தெரியும். பழைய எண்ணெயைச் சேர்த்து வாங்கி பயோடீசலுக்கு அனுப்பும் திட்டத்தை உணவுப் பாதுகாப்புத் துறையே வைத்திருக்கிறது. அதிகாரியிடம் பேசி, நம் வண்டிகளிலிருந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்ய முயல்கிறோம். லிட்டருக்குக் கொஞ்சம் பணமும் கையில் வரும். ஏற்கெனவே கடன் வாங்கியவர்களில் இந்த மூன்றுக்கும் சம்மதிப்பவர்களுக்கு இரண்டு தவணை தள்ளிவைக்கவும் நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அறக்கட்டளை நடத்தும் எந்த நிகழ்ச்சியிலும் இனிக் கலர் பாட்டில் கிடையாது. வலீமாக்களில் எங்களால் சொல்ல முடியாது, அது அவரவர் விருப்பம். ஆனால் ஜமாஅத் மண்டபத்தில் விருந்து வைப்பவர்கள் சைனீஸ் வகை வைப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒரு காய்கறித் தட்டும் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மண்டபத்தில் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கப்படும். மாத்திரை சாப்பிடுபவர்கள் சீட்டை எடுத்துவாருங்கள், கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வாருங்கள். வெளியே என்ன சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொண்டர்களுக்கு அன்று எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும். டாக்டரம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.